கோடு எண்ணும் கண்

காற்று திடீரென்று இறங்கிவிட்டது.

நாங்கள் நாலு பெண்கள் தேயிலை ஃபேக்டரியின் வாட்டு மாடியில் நின்றிருந்தோம். மூன்றாம் தொட்டியின் தலைமாட்டில் இருந்த பெரிய காற்றாடி, அதுவரை தகரத்தில் அடைமழை விழுகிற மாதிரி இரைந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் யாரும் போகவில்லை. சுவிட்சை யாரும் தொடவில்லை. ஆனாலும் அந்த இரைச்சல் தணிந்து தணிந்து, தொட்டில் பிள்ளையை உஸ் சொல்லித் தூங்க வைக்கிற அளவுக்கு வந்துவிட்டது. பறந்துகொண்டிருந்த என் முந்தானை தானாகக் கீழே விழுந்தது.

வேலம்மா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். மாடியில் மூத்த ஆள் அவள்தான்.

"கரண்டு போயிருச்சோ?"

"லைட்டு எரியுதேக்கா."

"பெறகு யாருடி நிப்பாட்டுனது?"

சொல்லி முடிப்பதற்குள் காற்று மறுபடி ஏறியது. கொழுந்து வாசமும் ஈரமும் முகத்தில் அடித்தன. படிக்கட்டில் ஷூ சத்தம் கேட்டது. ஒல்லியாக, கண்ணாடி போட்ட ஒருவர் தலையை மட்டும் மேலே நீட்டினார்.

"ஏனுங்க, காத்து எறங்கி ஏறுச்சுங்களா?"

நாங்கள் நாலு பேரும் பின்னால் திரும்பிப் பார்த்தோம். எங்களுக்குப் பின்னால் மேனேஜர் துரை யாரோ நிற்கிறார், அவரிடம்தான் கேட்கிறார் என்று நினைத்தோம். அங்கே சுவர்தான் இருந்தது. எஸ்டேட்டில் எங்களை ‘ஏ புள்ளே’ என்று கூப்பிடாமல் ‘ங்க’ போட்டுப் பேசிய முதல் ஆம்பளை அவர்.

அதற்கு முன்னால் அவர்தான் கீழே ஓர் அறையில் உட்கார்ந்து, டைப்ரைட்டர் போல ஒன்றில் எண்ணைத் தட்டியிருக்கிறார். அதில்தான் மேலே காற்று மாறியது. கம்ப்யூட்டர் என்பதை நான் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே அதன் காற்று என் மேல் பட்டுவிட்டது. எமர்ஜென்சி முடிந்து ஒன்றிரண்டு வருஷம் கழித்து என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியான வருஷம் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

வாட்டு மாடி

போன வாரம், எஸ்டேட் ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்து வீட்டின் மழைக்காலத்தைப் பற்றி எழுதியிருந்தேன். அந்த லயத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில்தான் ஃபேக்டரி. மாட்டுப்பட்டி பக்கத்திலிருந்து வருகிற பனி முதலில் ஃபேக்டரியை மூடும், அப்புறம் எங்களை மூடும்.

பறித்த கொழுந்தை அப்படியே அரைக்க முடியாது. முறிந்துபோகும். அதை வாட்ட வேண்டும். கையில் பிடித்து உருட்டினால் பட்டுத் துணி போலச் சுருண்டு, விட்டால் மெல்ல விரிய வேண்டும். அதற்குத்தான் மாடி. நீளநீளமான தொட்டிகள். அடியில் பலகை கிடையாது, கம்பி வலை. வலை மேல் கொழுந்தைப் பரப்புவோம். தொட்டியின் ஒரு முனையில் காற்றாடி இருக்கும். அது ஊதுகிற காற்று வலைக்கு அடியில் போய் கொழுந்துக்குள் ஏறி வரும்.

எங்கள் வேலை பரப்புவது, கிளறுவது, வாடியதைக் கூட்டிக் கீழே தள்ளுவது. மழைக் கொழுந்து என்றால் ஈரத்துணி போலக் கனக்கும். முதலில் பலமான காற்று வேண்டும், ஈரம் போனதும் மெதுவான காற்று போதும். ஆனால் காற்றாடிக்கு ஒரே வேகம்தான் தெரியும். அதனால் காற்றாடிக்கு முன்னால் உள்ள தகரக் கதவை இழுத்துப் பாதி மூடுவோம். மூடினால் மோட்டார் முனகும். கரண்டு அதே அளவுதான் எரியும். டீமேக்கர் சார் மாசா மாசம் அதைச் சொல்லிச் சொல்லி நெஞ்சில் கை வைத்துக்கொள்வார்.

டீமேக்கர் என்றால் தேயிலை ஃபேக்டரியில் எல்லாம் அவர்தான். கோட்டயம் பக்கத்து மனிதர், பேச்சில் மலையாளம் கலந்து வரும். கோபக்காரர். ஆனால் கெட்டவர் என்று என்னால் எழுத முடியாது. கொழுந்து கெட்டுப்போனால் அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

மோட்டாருக்கு வந்த ஒயர்

படிக்கட்டில் தலையை நீட்டிய அந்தக் கண்ணாடிக்காரர்தான் இஞ்சினியர். பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறைப் பக்கம். தென்னையும் நெல்லும் உள்ள விவசாயக் குடும்பம். கோயமுத்தூரில் படித்து அங்கேயே ஒரு பெரிய இடத்தில் வேலை செய்தாராம். மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற ஓர் இரும்பு அலமாரியை லாரியில் கொண்டுவந்து மூன்றாம் தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினார். அதை அவர் ‘டிரைவ்’ என்பார். அதிலிருந்து ஒயர் சுவரைத் துளைத்து, குழாய்க்குள் இறங்கி, கீழே தேயிலை ருசி பார்க்கிற அறைக்குப் பக்கத்து அறைக்குப் போனது. அங்கேதான் கம்ப்யூட்டர்.

யூனியன் ஆட்கள் முதலில் வந்து கேட்டார்கள். எத்தனை பேர் வேலை போகும் என்றார்கள். அவர், "காத்தைத்தானுங்க மாத்தறோம், ஆளை இல்லீங்க" என்றார். ஒரு தொட்டியில் சரிப்பட்டால் எல்லாத் தொட்டிக்கும் வரும், அதைப் பார்க்க மாடிக்குக் கூடுதலாக ஓர் ஆள் வேண்டும் என்று எழுதியே கொடுத்தார். அவர்கள் டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

காற்றாடியை மோட்டாரோடு பெல்ட் இணைத்திருக்கும். காற்றாடிப் பக்கத்துச் சக்கரத்துக்கு அவர் கறுப்பு பெயிண்ட் அடித்தார். அது காய்ந்ததும் சக்கரத்தின் விளிம்பில் வெள்ளையாக ஒரே ஒரு கோடு போட்டார். விரல் அகலம் இருக்கும். அதற்கு எதிரே தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி வைத்தார். அதற்குள் ஒரு குட்டி விளக்கு எரிந்தது. கோடு எதற்கு, விளக்கு எதற்கு என்று அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. எஸ்டேட்டில் மேலே இருந்து வருகிற எதையும் எதற்கு என்று கேட்டுப் பழக்கமில்லை.

கீழே அந்த டைப்ரைட்டர் தானாகவே எழுதும். ஆள் இல்லாமல் எழுத்துக் கட்டைகள் எழும்பி எழும்பி அடிப்பதை நான் வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். காற்றாடி எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்று அது காகிதத்தில் அடித்துக்கொண்டே இருக்கும். வேகம் கூடினால் தானே குறைக்கும். குறைந்தால் தானே கூட்டும். சாயங்காலம் காகிதம் தரையில் சுருண்டு கிடக்கும், உரித்த வாழைப்பட்டை போல.

நாலாம் வகுப்பு

அது அடிக்கிற எண் சரிதானா என்று பார்க்க மேலே ஓர் ஆள் வேண்டியிருந்தது. ரப்பர் மூக்கு வைத்த ஒரு கருவி. முகம் கடிகாரம் போல இருக்கும். சக்கரத்தின் நடுத்தண்டில் மூக்கை வைத்து அழுத்தினால் முள் நகர்ந்து எண்ணைக் காட்டும். அதைப் பார்த்து போனில் கீழே சொல்ல வேண்டும்.

"ஆருங்க நம்பர் படிப்பாங்க?" என்று இஞ்சினியர் கேட்டார்.

மூன்று பேரும் என்னைக் கை காட்டினார்கள். நான் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரை படித்தவள். அம்மாவுக்கு அடுத்த பிள்ளை பிறந்ததும் அதைப் பார்த்துக்கொள்ள நின்றுவிட்டேன். நான் நின்றது வாத்தியாருக்குக் கொஞ்ச நாள் தெரியவே தெரியாதாம். வகுப்பில் இருக்கும்போதே அந்த அளவுக்குத்தான் என் சத்தம் இருந்தது. சம்பளம் வாங்கும்போதுகூட நிமிர்ந்து பார்க்க மாட்டேன். கொடுக்கிறவரின் கை மட்டும்தான் எனக்குத் தெரியும்.

போனைக் கையில் எடுத்த முதல் நாள், கீழேயிருந்து அவர் குரல் வந்தது.

"அம்மிணி, இருக்கீங்களா?"

நான் தலையை ஆட்டினேன்.

"தலையாட்டறா சார்," என்று வேலம்மா அக்கா என் தோளுக்கு மேலிருந்து கத்தினாள். "போன்ல எப்பிடித் தெரியும்னு கேளுங்க."

அந்தப் பக்கம் அவர் சிரிப்பது கேட்டது. அதற்குப் பிறகு பழகிவிட்டது. எதிரே முகம் இல்லாததால் பேசுவது சுலபமாகத்தான் இருந்தது. ஆனால் எண்ணைத் தவிர வேறு எதுவும் பேச மாட்டேன். "தொள்ளாயிரம் சார்." "ஐந்நூத்தி இருபது சார்." அவ்வளவுதான் என் பேச்சு.

இதில் எனக்கு என்ன இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் தற்காலிக ஆள். என் பெயர் எஸ்டேட்டில் பதிந்திருக்கவில்லை. நாங்கள் இருந்த லயத்து வீடு மாமனார் பேரில் இருந்தது. அவர் ஓய்வு பெற்று, போடியில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். என் வீட்டுக்காரர் சுப்பையா கம்பத்து ஏலக்காய் வியாபாரி ஒருவரிடம் லாரி ஓட்டினார். எஸ்டேட் ஆள் இல்லை. தீபாவளிக்குள் என் பெயர் பதிந்தால் வீடு எங்களுக்கு நிற்கும். பதியாவிட்டால் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்க வேண்டும்.

சுப்பையா அந்த வீட்டுச் சுவருக்கு நீலம் கலந்து சுண்ணாம்பு அடித்திருந்தார். பின்பக்கம் பந்தல் போட்டு சௌசௌ ஏற்றியிருந்தார். லாரியிலிருந்து வந்ததும் கைகால் கழுவாமல் முதலில் பந்தலைப் போய்ப் பார்ப்பார். வீட்டைப் பற்றிப் பேச்சே எடுக்க மாட்டார்.

டீமேக்கர் சார் சொல்லியிருந்தார்: "பாக்கியம், இந்தச் சோதனை தீரும் வரெ ஒழுங்கா நம்பர் சொல்லு. மாடிக்கு புதிய ஆள் வேணும்னு வந்தா, துரைகிட்டெ உன் பேரைத்தான் பறயும்."

ஆயுத பூஜை

ஃபேக்டரியில் ஆயுத பூஜை என்றால் எல்லாம் நிற்கும். ரோலர், டிரையர், சல்லடை, காற்றாடி எதற்கும் அன்றைக்கு ஓய்வு. காலையிலேயே கழுவித் துடைத்து விபூதிப் பட்டை போட்டு, நடுவில் குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போடுவோம். பொரியும் கடலையும் அவலும் வாழையிலையில் வைத்துக் கும்பிடுவோம்.

மாடிக்கு விபூதி போடுவது வேலம்மா அக்கா பொறுப்பு. அதில் அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. வெறும் விபூதி வைத்தால், மறுநாள் எந்திரம் சுற்றும்போது உதிர்ந்து பறந்துவிடும். பூஜை போட்ட மறுநாளே நெற்றி வெறிச்சோடினால் நல்லதா என்பாள். அதனால் கெட்டியான சோற்றுக் கஞ்சியில் விபூதியைக் குழைத்துப் போடுவாள். காய்ந்தால் பீங்கான் மாதிரி இருக்கும். கார்த்திகை வரைக்கும் அப்படியே நிற்கும்.

ஒவ்வொரு காற்றாடியாக வந்தாள். மூன்றாம் தொட்டியில் நின்றாள். இஞ்சினியர் அன்றைக்கு ஊருக்குப் போயிருந்தார். சக்கரம் நின்ற இடத்தில் அந்த வெள்ளைக் கோடு நேர் எதிரே, படுக்கையாக இருந்தது.

"பாத்தியாடி பாக்கியம், சாருக்கும் பக்தி இருக்கு. ஆனா ஒத்தக் கோடு போட்டு விட்டுட்டாரு."

"அவரு எதுக்குப் போட்டாரோக்கா."

"எதுக்குப் போடுவாக? படிச்ச புள்ள, பட்டை போட ஆரம்பிச்சிருக்கு, யாரோ கூப்புட்டிருப்பாக, எந்திரிச்சுப் போயிருக்கும். ஒத்தக் கோட்டோட எப்படிச் சாமி கும்புடுறது? மூளியா இருக்குல்ல."

மூன்று விரலில் இரண்டை மட்டும் கஞ்சியில் தொட்டு, அந்தக் கோட்டுக்குக் கீழே, அதே அகலத்தில், அதே நீளத்தில் இரண்டு கோடு இழுத்தாள். நடுவில் குங்குமம் வைத்தாள். தள்ளி நின்று பார்த்தாள்.

"இப்பத்தேன் லெச்சணமா இருக்கு."

உண்மையிலேயே லட்சணமாகத்தான் இருந்தது.

தொள்ளாயிரமும் முந்நூறும்

மறுநாள் காலையில் மழை. மதியம் எடைக்கு வந்த கொழுந்து சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. மூன்றாம் தொட்டியில் கனமாகப் பரப்பினோம். ஈரக் கொழுந்துக்கு எவ்வளவு வேகம் வேண்டும் என்று இஞ்சினியர் ஊருக்குப் போவதற்கு முன்பே கம்ப்யூட்டரில் சொல்லி வைத்திருந்தார். டீமேக்கர் சார் சுவிட்சைப் போட்டால் போதும். போட்டார். காகிதத்தைப் பார்த்தார். தொள்ளாயிரம் அடித்தது. திருப்தியாகப் போய்விட்டார்.

மேலே காற்று கம்மியாக இருந்தது எங்களுக்குத் தெரிந்தது. கீழே இருந்து எதற்கோ குறைத்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தோம். ஏறவும் இறங்கவும் தானே அதைக் கொண்டுவந்தார்கள்.

சாயங்காலப் பஸ்ஸில் இஞ்சினியர் வந்து சேர்ந்தார். வந்ததும் போன் அடித்தது.

"அம்மிணி, பூஜையெல்லாம் நல்லபடியா ஆச்சுங்களா? எங்கெ, நம்பர் பாருங்க."

மூக்கை வைத்து அழுத்தினேன். பார்த்தேன்.

"முந்நூறு சார்."

"தொள்ளாயிரமுங்களா?"

"முந்நூறு சார்."

"இன்னொருக்கா வெச்சுப் பாருங்க. இங்கெ தொள்ளாயிரம் அடிக்குதுங்க."

மறுபடி வைத்தேன். முள் அதே இடத்தில்தான் நின்றது. கருவியைத் துடைத்தேன், என் கண்ணைத் துடைத்தேன். முந்நூறுதான்.

இந்தத் தடவை போனில் டீமேக்கர் சார் குரல் வந்தது. "பாக்கியம், சரிக்கு நோக்கிச் சொல்லு. இவிடெ மெஷின் தொள்ளாயிரம் காட்டுது. உனக்கு நம்பர் வாசிக்கத் தெரியல்லென்னா இப்பவே பறயு. நாளைக்கு வேற ஆளை வெக்கும்."

வேலம்மா அக்கா என் காதோடு காதாகச் சொன்னாள். "அவுக கேக்குற நம்பரச் சொல்லிட்டுப் போயேன்டி. ஒனக்கு வீடு வேணும்ல."

வீடு வேண்டும்தான். சுப்பையாவின் பந்தல்கூட அந்த நிமிஷத்தில் கண்ணில் வந்தது. ஆனால் முள் முந்நூறில் நிற்கும்போது வாய் எப்படித் தொள்ளாயிரம் சொல்லும்? தைரியம் என்று நினைத்துவிடாதீர்கள். மாற்றிச் சொல்வதற்கும் ஒரு சாமர்த்தியம் வேண்டும், எனக்கு அது வரவில்லை. படிக்கத் தெரியவில்லை என்றுதான் நானே நம்பிக்கொண்டிருந்தேன். அழுகை வந்தது.

"முந்நூறுதேன் சார் தெரியுது."

போனை வைத்துவிட்டார்கள். படிக்கட்டில் இரண்டு ஜோடி ஷூ சத்தம் வந்தது.

பட்டை

இஞ்சினியர் நேரே வந்து தொட்டி மேல் கையை நீட்டினார். அப்புறம் கொழுந்துக்குள் முழங்கை வரை கையை விட்டார். முகம் மாறியது. டீமேக்கர் சார் ஒரு பிடி அள்ளி மூக்கில் வைத்தார். அடிக் கொழுந்து வெந்நீர்த் துணி போலச் சூடாக இருந்தது. ஓரம் சிவந்திருந்தது. புளித்த வாடை. அன்றைக்கு அந்தத் தொட்டி முழுக்கப் போய்விட்டது.

இஞ்சினியர் என் கையிலிருந்து கருவியை வாங்கித் தானே வைத்துப் பார்த்தார்.

"முந்நூறுதானுங்க," என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

காற்றாடியை நிறுத்தச் சொன்னார். சக்கரம் மெதுவாகி நின்றது. அந்தக் குட்டி விளக்குப் பெட்டிக்குப் பக்கத்தில் குனிந்து, டார்ச் அடித்து, சக்கரத்தைக் கையால் மெல்லத் திருப்பினார். பட்டை வந்தது. மூன்று கோடு, நடுவில் குங்குமம்.

கொஞ்ச நேரம் அப்படியே குனிந்திருந்தார். முதுகு குலுங்கியது. என்னவோ என்று பயந்தோம். திரும்பினால், சிரிக்கிறார். கவிழ்ந்து கிடந்த ஒரு கொழுந்துக் கூடை மேல் உட்கார்ந்துவிட்டார்.

"என்ன தமாஷ்?" என்றார் டீமேக்கர் சார்.

"சார், இந்தக் கண்ணு வெள்ளைக் கோட்டைத்தானுங்க எண்ணும். ஒரு கோடு போனா ஒரு சுத்து. இப்ப ஒரு சுத்துக்கு மூணு கோடு போகுதுங்க. முந்நூறு சுத்துனா தொள்ளாயிரம்னு எண்ணிக்குது. கம்ப்யூட்டரு அதை நம்பி, போதும்னு வேகத்தைக் கொறைச்சு வெச்சுருக்குதுங்க."

டீமேக்கர் சாருக்குச் சிரிப்பு வரவில்லை. கையில் இன்னும் அந்தச் சிவந்த கொழுந்து இருந்தது.

"யாரா இது போட்டது?"

டீமேக்கர் சார் என் பக்கம் திரும்பினார்.

"பாக்கியம், நீ இல்லே இதினெ நோக்கறது? சொல்லு. யாரு?"

நான் தரையைப் பார்த்தேன்.

"நாந்தேன் சார் போட்டேன்," என்றாள் வேலம்மா அக்கா. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். இஞ்சினியரைப் பார்த்தாள். "நீங்கதேன் பாதியில விட்டுட்டுப் போயிட்டீக. ஒத்தக் கோட்ட வெச்சுக்கிட்டு நாங்க என்னத்தக் கும்புடுறது? அது எண்ணுறதுக்குன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா, நான் ஏன் கைய வைக்கிறேன்?"

"அது ஞாயந்தானுங்க," என்றார் இஞ்சினியர். "சொல்லாம விட்டது என் தப்புத்தானுங்க சார்."

"இந்தக் கொழுந்துக்கு துரைகிட்டெ ஞானில்லே பதில் சொல்லணும்?" டீமேக்கர் சார் கையிலிருந்ததைத் தொட்டியில் எறிந்தார். "வேலம்மா நாளை முதல் மாடிக்கு வர வேண்டா. காட்டுல கொழுந்து பறிக்கட்டும். புதிய ஆள் புதிய ஆள்னு இனி ஞான் துரைகிட்டெ போய்க் கேக்க மாட்டேன். அவ இடத்துல பாக்கியம் பேரெ போட்டுக்கலாம். அது மதி, போதும்."

சொல்லிவிட்டு இறங்கிப் போனார். இஞ்சினியரும் பின்னாலேயே ஏதோ பேசிக்கொண்டு போனார்.

என் பெயர் பதிந்துவிட்டது. அப்படித்தான் அது நடந்தது, பாதி வாக்கியத்தில்.

வேலம்மா அக்கா கந்தையை நனைத்து, தான் போட்ட இரண்டு கோட்டையும் தேய்த்துத் தேய்த்து எடுத்தாள். கஞ்சி லேசில் போகவில்லை. ஒரு முழங்காலில்தான் உட்கார முடிந்தது அவளுக்கு. இன்னொன்று மடங்காது. அந்தக் காலோடு காட்டுச் சரிவில் ஏறி இறங்க முடியாமல்தான் மாடிக்கே வந்தாள். அவளுக்கு வேறு ஆள் துணை கிடையாது.

"நல்லதுடி," என்றாள் திரும்பாமல். "ஒனக்கு வீடு நின்னுச்சுல்ல. எனக்கென்ன, பறிச்ச கைதேன்."

எண் இல்லாத பேச்சு

மற்றவர்கள் கெட்ட கொழுந்தை அள்ளிக்கொண்டிருந்தார்கள். நான் போன் பக்கத்தில் போய் நின்றேன். கைப்பிடியைச் சுற்றினேன்.

"எந்தா?" டீமேக்கர் சார்தான் எடுத்தார். "நம்பரா?"

"நம்பர் இல்ல சார்."

"பின்னே?"

நேரில் என்றால் என் வாயிலிருந்து இது வந்திருக்காது. அது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

"அக்காவ மாடிலயே விடுங்க சார். அந்த எடம் எனக்கு வேண்டாம்."

அந்தப் பக்கம் டைப்ரைட்டர் அடிக்கிற சத்தம் கேட்டது.

"வேற இடம் இல்லே. அறியுமோ?"

"தெரியும் சார்."

"வீடு?"

"தெரியும் சார்."

"உன் புருஷன்கிட்டெ கேட்டோ?"

"இல்ல சார்."

போனை வைத்துவிட்டார். கோபத்தில் வைத்தாரா, சும்மா வைத்தாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. போனில் முகம் தெரியாதது அப்போது மட்டும் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு வேலை பிரித்தார்கள். வேலம்மா என்று கூப்பிட்டதும், மாடி என்றார்கள். என்னையும் மாடி என்றார்கள், தற்காலிகமாக. துரையிடம் டீமேக்கர் சார் என்ன சொல்லிச் சமாளித்தார் என்பது இன்று வரை எனக்குத் தெரியாது. அதைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒருநாள் என் பக்கம் வந்து, தொட்டியில் ஒரு பிடி கொழுந்தை உருட்டிப் பார்த்து, "கொள்ளாம், நல்லாருக்கு" என்றுவிட்டுப் போனார்.

இஞ்சினியர் அந்தக் கோட்டையும் கண்ணையும் ஒரு தகரக் கூண்டுக்குள் வைத்து மூடிவிட்டார். வேலம்மா அக்காவைக் கூப்பிட்டு, டிரைவ் அலமாரிக் கதவைக் காட்டி, "அம்மா, இதுல எத்தன கோடு வேணும்னாலும் போட்டுக்கோங்க, இதுக்கு எண்ணத் தெரியாதுங்க" என்றார். அவள் கதவு நிறைய ஒரு பட்டை போட்டாள். அவ்வளவு பெரிய பட்டையைக் கோயிலில்கூட நான் பார்த்ததில்லை.

எனக்குப் பிறகு எண் சொல்ல ஓர் ஆள் வேண்டுமே. கருவியின் முகத்தில் எது எந்த எண் என்று அக்காவுக்குக் காட்டிக் கொடுத்தேன். இரண்டாம் நாளே பிடித்துக்கொண்டாள். போனில் பேசத்தான் அவளுக்கு அடக்கம் வரவில்லை. அவள் சொல்கிற எண் போன் இல்லாமலே கீழே கேட்கும்.

லாரியில்

சுப்பையாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. "பேரு பதியல, காலி பண்ணணும்" என்று மட்டும் சொன்னேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. பந்தலில் பிஞ்சு வரைக்கும் பறித்துச் சாக்கில் போட்டார். கம்பம்மெட்டில் முதலாளியின் ஏலக்காய்க் கிட்டங்கிக்குப் பின்னால் ஒரு ரூம் இருந்தது. தீபாவளிக்கு முந்தின வாரம் அங்கே போக லாரி கேட்டு வாங்கி வந்தார்.

சாமான் என்று என்ன பெரிதாக இருந்தது. இரண்டு பெட்டி, உரல், பாய், படுக்கை. வேலம்மா அக்கா ஃபேக்டரியிலிருந்து அப்படியே ஓடி வந்தாள், தலையில் கொழுந்துத் தூளோடு. லாரிப் படியில் கை வைத்துக்கொண்டு சுப்பையாவைப் பார்த்தாள்.

"ஏ தம்பி, இவ ஒங்கிட்டச் சொன்னாளா?"

"என்னத்த?"

அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். கோடு, கொழுந்து, போன், எல்லாம். நான் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வண்டியைக் கிளப்பினார். அக்கா படியிலிருந்து கையை எடுத்தாள்.

வளைவு வளைவாக இறங்கினோம். ஸ்டியரிங்கில் இருந்த அவர் கையில் நீலச் சுண்ணாம்பு இன்னும் நகக்கண்ணில் இருந்தது. பூப்பாறை தாண்டும் வரைக்கும் அவர் கண் ரோட்டில்தான் இருந்தது. ஏலத் தோட்ட நிழல் வந்ததும் வேகத்தைக் குறைத்தார்.

"டீமேக்கர்கிட்டயா சொன்ன?"

"ஆமா."

"நீயா?"

"ஆமா."

"போன்லயா?"

"போன்லதேன்."

ஒரு வளைவு போனது. எதிரே வந்த ஜீப்புக்கு ஓரம் கொடுத்தார்.

"நீ எங்கிட்ட சோறு வேணுமான்னு கேக்குறதே எனக்குக் காதுல விழாது. அவருக்கு விழுந்துச்சா?"

"சத்தமாத்தேன் சொன்னேன்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். லாரி ஓட்டும்போது அப்படித் திரும்பிப் பார்க்கிற ஆள் இல்லை.

"எங்க, என்ன சொன்னன்னு சொல்லு. அதே சத்தத்துல."

எனக்கு வெட்கமாக இருந்தது. எஞ்சின் இரைச்சலுக்கு மேலே கேட்க வேண்டுமே என்று, முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, ஒரு தடவை சொன்னேன்.